ஆஸ்பயர் டூல்கிட்: டாக்டருக்கு ஒரு கடிதம், கம்பவுண்டருக்கு ஒரு துண்டுச்சீட்டு

ஆஸ்பயர் ஹெல்த்கேர் டூல்கிட் மருந்தும் அல்ல, இயந்திரமும் அல்ல. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது கைகொடுக்கும் ஓர் இணையதளம். காசு கேட்பதில்லை. அமெரிக்காவில், அந்த ஊர் ஆஸ்பத்திரிகளை மனத்தில் வைத்துச் செய்தது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு சில மாதங்களாக அதைப் பயன்படுத்தி வருகிறேன். பாதி அருமை. கால்பங்கு நமக்கு ஒத்துவராது. மீதிக் கால்பங்கை நாமே வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும். அவசரக்காரர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

என்னைப் பற்றித் தேவையான அளவுக்கு மட்டும். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஆட்டிசம் என்று உறுதியானது முப்பதுகளின் நடுவில். அதுவரை வீட்டில் எனக்கு வழங்கிய பெயர் பிடிவாதக்காரி. அரைப்புள்ளி இடம் மாறியிருந்தால் பக்கத்தைத் திருப்பும்போதே கண்ணில் பட்டுவிடும். ஆனால் வயிற்றில் இருப்பது பசியா, வலியா என்று கேட்டால் சட்டென்று சொல்லத் தெரியாது. உடம்புக்குள்ளிருந்து வரும் சேதி எனக்குத் தாமதமாகத்தான் வரும், சில சமயம் வரவே வராது.

டாக்டரிடம் போவதில் அப்படி என்ன சிரமம் என்று கேட்பவர்கள் உண்டு. 2022-இல் பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆட்டிசம் உள்ள 507 பேரையும் இல்லாத 157 பேரையும் கேட்டிருக்கிறார்கள். பொதுநல மருத்துவரிடம் போவதே சிரமம் என்றவர்கள் முதல் கூட்டத்தில் 80 சதவீதம், இரண்டாவதில் 37. என்ன தடை என்று கேட்டதற்கு முதலிடம் பிடித்தது டாக்டரோ ஊசியோ அல்ல. 'இந்த உபாதைக்கு டாக்டரிடம் போக வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்வது'. ஆட்டிசம் உள்ளவர்களில் 72 சதவீதம் பேர் அதைச் சொன்னார்கள். போனில் நேரம் கேட்டு வாங்குவது 62. காத்திருக்கும் அறை 51. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் இவர்கள் நம் ஊர்க் கிளினிக்கின் வெளி ஹாலைப் பார்த்ததில்லை என்று புரிந்துகொண்டேன். தலைக்கு மேல் ஒரு டி.வி., சிமிட்டுகிற டியூப்லைட், நாலு குழந்தைகளின் அழுகை, டெட்டால் நெடி, இவற்றுக்கு நடுவே எந்த நொடியிலும் என் பெயரைக் கத்திக் கூப்பிடப்போகிறார்கள் என்கிற எதிர்பார்ப்பு. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தபின் டாக்டர் முன்னால் போய் நிற்பது நான் அல்ல, என்னில் மிச்சம் இருப்பது.

இந்த டூல்கிட்டைச் செய்தது ஆஸ்பயர் என்ற ஆய்வுக் கூட்டணி. 2006-இல் தொடங்கியது. கிறிஸ்டினா நிக்கொலைடிஸ் என்ற மருத்துவரும் டோரா ரேமேக்கர் என்ற ஆய்வாளரும் இதன் முதன்மையானவர்கள். ரேமேக்கர் ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவர்களை ஆய்வுப் பொருளாக மட்டும் வைக்காமல், என்ன ஆராய்வது, கேள்வியை எப்படி எழுதுவது என்பதிலேயே சம பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்வது அவர்களுடைய கொள்கை. கொள்கை எல்லாரும்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே அது கேள்விகளின் வாசகத்திலேயே தெரிகிறது. ஒரு வாக்கியத்தில் இரண்டு அர்த்தம் வந்தால் எனக்கு எரிச்சல் வரும். தொழில் புத்தி அப்படி. இதில் எரிச்சல் வரவில்லை.

தளத்தில் நோயாளிகளுக்கு ஒரு பகுதி, மருத்துவர்களுக்கு ஒரு பகுதி. அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்கு, கூடவே எதையெல்லாம் எடுத்துப்போவது என்பதற்கு, நோய்க்குறிகளைக் குறித்துக்கொள்வதற்கு, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபின் செய்ய வேண்டியவற்றுக்கு என்று தனித்தனிப் படிவங்கள் இருக்கின்றன. ஆனால் முக்கியமான சரக்கு வேறு. வரிசையாகக் கேள்விகள் கேட்டு, பொருந்தும் பதில்களை டிக் செய்ய வைத்து, முடிவில் உங்கள் மருத்துவருக்கு உங்களுக்கென்றே ஒரு கடிதம் தயாரித்துத் தருகிறது. நாமே நிரப்பலாம், நம்மைப் பார்த்துக்கொள்பவரும் நிரப்பலாம்.

அந்தக் கடிதத்தின் அருமை அது ஆட்டிசத்தைப் பற்றிப் பாடம் எடுக்காததுதான். இவருக்கு இப்படி ஒரு நிலை, அதன் இலக்கணம் இது என்று இழுப்பதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். வெளிச்சத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். கருவியை முதலில் காட்டிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். பொத்தாம்பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள்.

கடைசி வரிக்கு மட்டும் தனியாக ஒரு விருது தரலாம். நம் ஊர் டாக்டர்கள் அத்தனை பேரும் நம்மைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "சொல்லுங்கள், என்ன செய்கிறது?" இதற்கு நான் என்ன பதில் சொல்வது? எது செய்கிறது? எங்கே? இன்றைக்கா, போன வாரமா? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அம்மாவின் பக்கம் திரும்பிவிடுவார். நாற்பது வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று எழுபது வயது அம்மாவிடம் விசாரணை நடக்கும். அம்மாவும் சளைக்காமல் பதில் சொல்வார். "வலப்பக்கமா, இடப்பக்கமா? சாப்பிட்ட பிறகா, முன்பா?" என்று கேட்டிருந்தால் என்னிடமிருந்தே பதில் வந்திருக்கும்.

இன்னொரு விஷயம்: எப்போதிலிருந்து வலிக்கிறது என்று தேதியைக் கேட்பதைவிட, வாழ்க்கையில் நடந்த ஒன்றோடு இணைத்துக் கேட்பது சிலருக்கு உதவும் என்பதையும் இந்தத் தளம் யோசித்திருக்கிறது. எனக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. என் வலி தொடங்கிய தேதி தெரியாது. ஓர் அகராதியின் மூன்றாம் மெய்ப்பு மேசைக்கு வந்த வாரம், 'ப' வரிசை ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு, அலுவலகக் குறிப்பேட்டைப் புரட்டினால் தேதி தானாக வந்துவிடுகிறது.

நோய்க்குறிகளைக் குறித்து வைக்கும் யோசனையை நான் என் வசதிக்கு மாற்றிக்கொண்டேன். நேரம், இடம், அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், என்ன செய்தபோது அடங்கியது என்று நாலு கட்டம். சில வாரங்கள் எழுதியபின் பார்த்தால் அண்ணன் வீட்டில் பிரியாணி சாப்பிட்ட ஞாயிறுகளும் வலியும் ஒட்டிப்பிறந்தவை போலச் சேர்ந்தே வந்திருந்தன. மேல்வயிற்றில் வலப்பக்கம் தொடங்கி தோள்பட்டைக்குப் பின்னால் போகிற வலி. டாக்டர் அந்தத் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பித்தப்பையில் கல் இருக்கும் போலிருக்கிறது, ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். போய்த்தான் ஆக வேண்டுமா என்று இரண்டு வருடமாக முடிவு செய்ய முடியாமல் இருந்ததற்கு அந்தத் தாள்தான் பதில் சொன்னது.

இனி, ஒத்துவராத பகுதி. எனக்குத் தயாராகி வந்த கடிதம் நீளம், அதோடு ஆங்கிலத்தில். அமெரிக்காவில் டாக்டர் அதை முன்கூட்டியே கோப்பில் வைத்துப் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. என் டாக்டர் சாயங்காலம் கிளினிக்குக்கு வருகிறார், வாசலில் அறுபது பேர் நிற்கிறார்கள். கடிதத்தை நீட்டினேன். வாங்கினார், முதல் பக்கத்தைத் திருப்பினார், இரண்டாம் பக்கத்தையும் திருப்பினார். "ரிப்போர்ட் எங்கேம்மா?" என்றார். லேப் ரிப்போர்ட்டைத்தான் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நோயாளி எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை வாசிக்கும் பழக்கம் யாருக்கு இருக்கிறது?

எனவே வெட்டினேன். வெட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். தமிழில், அரைப் பக்கம், பெரிய எழுத்து. மேலே பெயர், வயது, ஆட்டிசம் உண்டு என்று ஒரு வரி. கீழே இவ்வளவுதான்: 'கேள்விகளை ஒவ்வொன்றாக, குறிப்பாகக் கேளுங்கள். பதில் வரப் பத்து நொடி ஆகலாம். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தொடும் முன் சொல்லுங்கள். வலி முகத்தில் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்து விவரத்தை எழுதிக் கொடுங்கள். என்னிடமே பேசுங்கள்.' அடுத்த முறை போனபோது அவர் அதைப் படித்து முடித்தார். அம்மாவின் பக்கம் திரும்பப் போனவர் பாதியில் நின்று மறுபடியும் என் பக்கம் திரும்பினார். அந்தப் பாதித் திருப்பத்தை நான் வெகுநாள் ரசிப்பேன்.

ஆனால் நம் ஊரில் சிகிச்சையின் வாசல் டாக்டரின் அறைக் கதவு அல்ல, டோக்கன் மேசை. கம்பவுண்டர்தான் அதற்கு அதிபதி. டூல்கிட் இவருக்கென்று எதுவும் தரவில்லை. இங்கே இப்படி ஒருவர் இருப்பார் என்று அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தனியாக ஒரு துண்டுச்சீட்டு எழுதினேன். டோக்கன் எண், என் போன் எண். 'உள்ளே சத்தத்தில் உட்கார்ந்தால் எனக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். வந்துவிடுகிறேன்.' அவர் சீட்டைப் படித்தார், என்னைப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். கொடுத்தார். அடுத்த முறை சீட்டே கேட்கவில்லை, "மரத்தடிதானே?" என்றார். ஆட்டிசம் என்ற சொல் அந்தச் சீட்டில் கிடையாது. தேவையே இல்லை. ஒருவருக்கு என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், என்னவாக இருக்கிறார் என்று எல்லாரிடமும் ஒப்புவிக்க வேண்டியதில்லை.

இது அம்மாவையும் சமாதானப்படுத்தியது. கல்யாணம் ஆகாத பெண் இதையெல்லாம் எழுதி ஊராரிடம் கொடுப்பாளா, நாளைக்கு யார் என்ன பேசுவார்கள் என்று முதலில் பெரிய சண்டை. டாக்டருக்கு மட்டும் ஆட்டிசம் என்று பெயர் சொன்ன கடிதம், மற்ற எல்லாருக்கும் அந்தப் பெயர் இல்லாத சீட்டு என்று உடன்பாடு ஆனது. டூல்கிட்டில் உங்களைப் பார்த்துக்கொள்பவர் பற்றிய பகுதி இருக்கிறது. ஆனால் கூட வருபவர் உங்களுக்குப் பதிலாகப் பேசுவதை ஆஸ்பத்திரி முழுவதும் இயல்பாக எடுத்துக்கொள்ளும் ஓர் ஊரை அது எதிர்பார்த்திருக்க முடியாது.

ஸ்கேன் சென்டர் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அங்கேதான் சோதனை முழுமையானது. சில வருடங்களுக்கு முன் வேறோர் இடத்தில் ஸ்கேனுக்குப் போய், படுத்தவுடன் ஒரு வார்த்தை சொல்லாமல் உடையை விலக்கி ஜெல்லைத் தடவியதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கட்டிய பணம் போனது. இந்த முறை முன்கூட்டியே சீட்டை அனுப்பினேன். முதல் சிக்கல் தண்ணீர். "நிறையக் குடித்துவிட்டு வாருங்கள், முட்டியவுடன் சொல்லுங்கள்" என்றார் அங்கிருந்த சிஸ்டர். எனக்கு முட்டுவது தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும். எத்தனை லிட்டர், எத்தனை மணிக்கு என்று கேட்டேன். விசித்திரமாகப் பார்த்தாலும் சொல்லிவிட்டார்: ஒரு லிட்டர், ஒரு மணி நேரத்துக்கு முன்பு. அளந்து குடித்தேன். கடிகாரம் என் நரம்புகளைவிட நம்பகமானது.

உள்ளே இருந்தவர் ஒரு பெண் டாக்டர். அறை இருட்டு, ஸ்கேன் அறை அப்படித்தான் இருக்கும், ஆஸ்பத்திரிகளிலேயே எனக்குப் பிடித்த அறை அது. அவர் சீட்டை மானிட்டர் வெளிச்சத்தில் படித்துவிட்டு, ஸ்கேன் கருவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதுதான். வேறு எதுவும் இல்லை." வழவழப்பாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். "இப்போது ஜெல், குளிரும். இப்போது விலாவுக்குக் கீழே அழுத்துவேன். மூச்சை இழுத்துப் பிடியுங்கள். விடுங்கள். இன்னும் இரண்டு இடம்தான் பாக்கி." அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். எப்போது முடியும் என்று தெரிந்தால் என்னால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும். கல் இருந்தது. அது வேறு கதை.

இந்த டூல்கிட்டைப் பற்றி அவர்களே ஓர் ஆய்வும் செய்து 2016-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள 170 பேர், அவர்களுடைய மருத்துவர்கள் 41 பேர். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது, சிகிச்சை பெறுவதில் இருந்த தடைகளின் எண்ணிக்கை சராசரியாக 4.07-இலிருந்து 2.82-ஆகக் குறைந்திருந்தது. கடிதத்தைப் படித்ததாக 97 சதவீத மருத்துவர்கள் சொன்னார்கள். 82 சதவீதம் பேர் பயனுள்ளது என்றார்கள். நான் கொஞ்சம் சந்தேகக்காரி. ஒப்பிட்டுப் பார்க்க டூல்கிட் கொடுக்காத ஒரு குழு இல்லை. ஒரு மாதம் என்பது குறைவு. இணையத்தில் படித்து நிரப்பக்கூடியவர்கள்தான் பெரும்பாலும் வந்திருப்பார்கள். இருந்தாலும் திசை சரி.

காகிதத்தால் என்ன முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞர் 2016-இல் பிரிஸ்டலில் இறந்தார். ஆட்டிசம் உள்ளவர். மனநோய்க்கான மருந்துகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் பெற்றோரும் சொல்லியும் அதையே கொடுத்தார்கள். அவர் தாயார் விடாமல் போராடினார். பிறகு 2022-இல் வந்த சட்டம், அங்கே மருத்துவ ஊழியர்களுக்கு ஆட்டிசம், கற்றல் குறைபாடு பற்றிய பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அந்தப் பயிற்சிக்கு அந்த இளைஞரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கடிதத்தை நாம் எழுதலாம். படிப்பதற்கு யாரோ பழக்க வேண்டும், அது இணையதளத்தின் வேலை அல்ல.

சட்ட உரிமைகள் பற்றிய பக்கம் அமெரிக்காவுக்கானது, தாண்டிப் போங்கள். நமக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 25-ஆவது பிரிவு, மருத்துவமனையில் எங்களைப் பார்ப்பதிலும் சிகிச்சை தருவதிலும் முன்னுரிமை வேண்டும் என்கிறது. தடையற்ற வசதி அரசு மருத்துவமனைக்கு மட்டுமல்ல, தனியாருக்கும் சேர்த்துத்தான். சட்டம் படிக்கட்டையும் சாய்தளத்தையும் நினைத்து எழுதப்பட்டதோ என்னவோ, எனக்கு டியூப்லைட்டும் ஒரு படிக்கட்டுதான். கிளினிக் சீட்டில் இந்தப் பிரிவை எழுதமாட்டேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் சட்டம் பேசினால் உறவு கெடும். அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசைக்குப் போகும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு இந்த வரியும் கையில் இருக்கட்டும். நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதிலும் ஆட்டிசம் உண்டு. வயது வந்தவர்கள் பலர் அது குழந்தைகளுக்கு மட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. தமிழில் இருந்தால் நாலரை. ஆங்கிலம் சரளமாக வாசிக்காத ஒருவருக்கு இதைத் தனியாகக் கொடுத்தால் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளைத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். பேசாதவர்களுக்கு, பார்த்துக்கொள்பவர் நிரப்பும் வழி இருப்பதால் உதவும். முதல்முறை நிரப்புகிறவர்கள் எதையும் குறைக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாமல் பல வருடம் சகித்துக்கொண்டிருந்தவை அங்கேதான் வெளியே வரும். அதன் பிறகு இரக்கமில்லாமல் அரைப் பக்கமாகக் குறையுங்கள். அதைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், தாள் எப்போதும் வீட்டு மேசையில்தான் கிடக்கும்.

பல் டாக்டருக்கான சீட்டை இன்னும் எழுதி முடிக்கவில்லை. வாயைத் திறந்து வைத்திருக்கும்போது பேசவும் முடியாது, கண் கூசும் விளக்கில் எழுதிக் காட்டவும் முடியாது. இடது கையைத் தூக்கினால் டிரில்லை நிறுத்த வேண்டும் என்ற வரி மட்டும் முடிவாகியிருக்கிறது.